யூரியாவா, பசுந்தாள் உரமா?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் பயிரால் அதை நேரே எடுக்க முடியாது. யாராவது பிடித்துக் கொடுக்க வேண்டும். யூரியாவுக்கு அந்த வேலையைத் தொழிற்சாலை செய்கிறது, வளர்த்து அந்த மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் பயிருக்கு வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் பாக்டீரியா.

யூரியா 100 கிலோவில் 46 கிலோ நைட்ரஜன். வேகம்தான் அதன் பலம், பலவீனமும் அதுவே. ஈர மண்மேல் தூவி மூடாமல் விட்டால், சில நாளிலேயே ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். மிச்சம் நைட்ரேட்டாக மாறும். மண்துகளைப் போல நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டாது. ஒரு கனமழை போதும், நிலத்தடி நீருக்கும் ஏரிக்கும் போய்விடும். பிரித்துப் பிரித்து இட்டு, மண்ணால் மூடுங்கள்.

தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் பயிர்களை 45 நாள் வாக்கில், பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். முன்னதாக ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நைட்ரஜன் சேர்கிறது; பச்சை, பழுப்பு என்றால் நின்றுவிட்டது. தண்டை முற்றவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கார்பன் கூடிய தண்டை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ள, அடுத்த பயிர் மஞ்சளிக்கும்.

அடித்தளத்துக்குப் பசுந்தாள், பற்றாக்குறைக்கு மட்டும் யூரியா என்பதே என் தேர்வு. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரண்டுமே புதிதாகக் கொண்டுவராது. அதற்குத் தனி வழி பார்க்க வேண்டும்.