50 எஃப்/1.8-ஆ, 55–250 ஜூமா: பின்னணியை எது கரைக்கும்?

ஆளைப் படமெடுக்கும்போது பின்னணி மங்கலாக வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள்’ என்பதுதான். கேமராவோடு சேர்த்து 55–250 எம்எம் ஜூம் லென்ஸும் வாங்கியவருக்கு அந்தச் செலவு தேவையா? எம்எம் என்பது லென்ஸின் குவியத் தூரம்; எஃப் எண் சிறிதாக ஆக, லென்ஸின் திறப்பு பெரிதாகும். ஆனால் எஃப் எண்ணை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேனன் ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமரா ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, தலை முதல் மார்பு வரை 60 செ.மீ. உயரம் படத்தில் நிறையும்படி நிற்போம். 50-க்கு 1.4 மீட்டர், 85-க்கு 2.4 மீட்டர், 250-க்கு 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்னால் எரியும் சிறு பல்பு படத்தில் ஒளிவட்டமாக விரியும். முகம் இருக்கும் தளத்தில் அதன் அகலம் கணக்குப்படி ஏறக்குறைய இப்படி வரும்:

50 எம்எம், எஃப்/1.8: பல்பு 1 மீட்டர் பின்னால் என்றால் 12 மி.மீ.; 10 மீட்டர் என்றால் 24 மி.மீ.
250 எம்எம், எஃப்/5.6: 6 மி.மீ.; 26 மி.மீ.
85 எம்எம், எஃப்/1.8: 14 மி.மீ.; 38 மி.மீ.
கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸ், 55 எம்எம், எஃப்/5.6: 4 மி.மீ.; 9 மி.மீ.

குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் திறப்பு விட்டம் கிடைக்கும். 50-க்கு அது 28 மி.மீ., 250-க்கு 45 மி.மீ. பின்னணி வெகுதூரத்தில் இருந்தால் பெரிய விட்டம் ஜெயிக்கும். சுவர் ஒரு மீட்டரில் இருந்தால் கதை மாறும்: 7 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு முகமும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். 50, 250 இரண்டின் ஒளிவட்டமும் சமமாவது பின்னணி சுமார் 8 மீட்டர் தள்ளி இருக்கும்போது.

வட்டம் சமமானாலும் படம் ஒன்றாக இருக்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான். 10 மீட்டர் பின்னால் 50 எம்எம் 3.3 மீட்டர் அகலத்தைக் காட்டும். 250 வெறும் 1 மீட்டரைத்தான் காட்டும். அதனால் 250-இல் பின்னணிப் பொருள்கள் பெரிதாகத் தெரியும். கடைப் பலகையில் 20 செ.மீ. உயர எழுத்து இருந்தால் 50 அதைக் கரைத்துவிடும். 250-இல் எழுத்து மங்கலாக இருந்தாலும் வாசிக்க முடியும். பதிலுக்கு 250-இல் ஒரு வசதி உண்டு: இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பலகை படத்தை விட்டு வெளியே போய், மர நிழல் மட்டும் பின்னணியாக நிற்கும். நகர இடமுள்ள பூங்காவிலும் தோப்பிலும் 250 போதும். நெரிசலான தெருவிலும் வீட்டுக்குள்ளும் 50தான். வீட்டுக்குள் 7 மீட்டர் பின்னே போக இடமும் இருக்காது.

வெளிச்சத்தில் 50-க்குப் போட்டியே இல்லை. எஃப்/1.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400 போதுமான மாலையில், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப்/5.6-இல் ஐஎஸ்ஓ 4000 வேண்டும். கை நடுக்கத்தை ஸ்டெபிலைசர் சமாளிக்கும். ஆள் அசைவதை அது நிறுத்தாது.

ஆனால் 50-இல் தவறும் படங்கள் அதிகம். மேலே சொன்ன தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் 5 செ.மீ.தான். மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டு கேமராவைத் திருப்பும் பழக்கம் இங்கே உதவாது. ஒற்றைப் புள்ளியை அருகில் உள்ள கண்ணின் மேல் நகர்த்தி வையுங்கள். மிரர்லெஸ் கேமரா என்றால், கண்ணைத் தானே தேடும் கண் ஃபோகஸைப் போடுங்கள். திறப்பை எஃப்/2.8-க்குக் குறைத்தால் ஆழம் 8 செ.மீ. ஆகும், இமை முடியும் தெளிவாகும். இரண்டு பேர் நின்றால் இருவர் முகமும் ஒரே கோட்டில் இருக்கட்டும், எஃப்/4-க்குப் போங்கள்.

உச்சி வெயிலில் இன்னொரு சிக்கல். ஐஎஸ்ஓ 100, எஃப்/1.8-க்கு 1/8000 நொடி தேவைப்படும். தொடக்கநிலை கேமராக்கள் பலவும் 1/4000-உடன் நின்றுவிடுவதால் முகம் வெளுத்துப்போகும். ஆளை நிழலுக்கு நகர்த்துங்கள், அல்லது 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி) போடுங்கள். டிஎஸ்எல்ஆருக்கான கேனன் இஎஃப் 50 எஃப்/1.8 எஸ்டிஎம்முக்கு 49 மி.மீ. ஃபில்டர் அளவு.

85 இரண்டையும் விட அழகாகக் கரைக்கும், விலையும் அதிகம். முழு உருவம் எடுக்க ஏபிஎஸ்-சியில் 7 மீட்டர் பின்னே போக வேண்டும் என்பதால் முதல் லென்ஸாக அதைச் சொல்ல மாட்டோம்.

செல்போன் போர்ட்ரெய்ட் மோட் வேறு வகை. போன் லென்ஸின் திறப்பு பெரும்பாலும் 4 மி.மீ.க்குள்தான், மங்கல் கணக்குப் போட்டு வரைவது. பிரிந்து பறக்கும் முடி, மூக்குக்கண்ணாடி விளிம்பு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள சந்து ஆகிய இடங்களில் அது தவறும். திரையில் பார்க்க நன்றாக இருக்கும். பெரிதாக அச்சடித்தால் வெட்டு தெரியும்.

கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறதா? 55-க்கு ஜூம் செய்து, ஆளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் முன்னே வரச் சொல்லுங்கள். வட்டம் 4-லிருந்து 7.5 மி.மீ. ஆகும். சுவரை ஒட்டி நிறுத்தி 250-இல் எடுப்பதைவிட அதிக மங்கல் இது.

நிக்கான் வைத்திருப்பவர்கள் பழைய 50 எம்எம் எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதென்று அவசரப்பட வேண்டாம். டி3500, டி5600 கேமரா உடல்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. அந்த லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். 5 செ.மீ. ஆழத்தில் சிறிய வியூஃபைண்டரைப் பார்த்து அதைச் செய்வது மிகக் கடினம். ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.