முதுகுவலிக்கு இந்த பிசியோ: மாடிப்படி ஏறிப் போகலாம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு பிடித்தவர்கள் வரும் இந்த பிசியோதெரபி நிலையத்தை மேல்மாடியில் வைத்திருக்கிறார்கள், லிப்ட் கிடையாது. கீழே மோட்டார் சாமான் கடை. காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி உயிர் போய்விடும். முதல் தடவை 90 வெள்ளி, அப்புறம் 70. சுங்கை சிப்புட்டுக்கு இது சின்னக் காசு இல்லை. இருந்தும் நாலு நட்சத்திரம் போடுகிறேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். போன வருஷம் எண்ணெய் டின்னைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்தது. கோயோ (வலிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரி) ஒட்டிக்கொண்டு வேலையை ஓட்டினேன். பிடிப்பு விட்டது, வலி விடவில்லை. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு தேஞ்சு பிதுங்கியிருக்கு, இனிமே வெயிட்டே தூக்காதீங்க" என்றார். அன்றோடு வீட்டில் எனக்கு வேலை போனது. மகன் வாளியைப் பிடுங்கிக்கொள்வான். வீட்டுக்காரர் நான் குனிந்தாலே "ஏய், ஏய்" என்று கத்துவார். பள்ளியில் தூக்கிப்பிடிக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போட்டேன். உட்கார உட்கார வலி கூடியதே தவிர குறையவில்லை.

இங்கே இருக்கும் பிசியோ நம் தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. கட்டிலில் படுக்கச் சொல்வார் என்று பார்த்தால் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். சிறுநீர் அடக்க முடிகிறதா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா, காலில் பலம் குறைகிறதா, காய்ச்சல் உண்டா, சும்மாவே எடை இறங்குகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாராம். எனக்கு எதுவும் இல்லை.

அடுத்தது எதிர்பார்க்காத கேள்விகள். ராத்திரி தூக்கம் எப்படி? வலி வந்ததும் மனதில் என்ன ஓடுகிறது? சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பிறகு ஒரு தாளை எடுத்தார். 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். வலியைப் பற்றி மனம் எவ்வளவு பயந்து பெரிதாக்குகிறது என்று அளக்க 1995-இல் கனடாவில் உருவாக்கிய அளவுகோலாம். இந்த வலி தீரவே தீராதோ என்று ஓயாமல் கவலைப்படுகிறீர்களா என்கிற மாதிரிக் கேள்விகள். தாளில் தமிழ் இல்லை, அவரே வாய்விட்டுத் தமிழில் சொன்னார். (இதைத் தமிழில் அச்சடித்து வைத்தால் என்ன?) என் மதிப்பெண் பாதியைத் தாண்டிவிட்டது.

எனக்குக் கோபம். "அப்போ வலி என் கற்பனைன்னு சொல்றியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி, வலி நிஜம். லயத்து நாய் திருடனைப் பார்த்து ஒரு தடவை குரைச்சுப் பழகிட்டா, அப்புறம் தபால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும்ல? உங்க நரம்பும் அப்படித்தான் இப்போ. காயம் ஆறிடுச்சு, காவல் மட்டும் ஓயலை. நீங்க பயப்படப் பயப்பட அது இன்னும் குரைக்கும்."

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலிக் கணக்கு. பயந்து அசையாமல் இருந்தால் தசை இளைக்கும், இளைத்ததால் சின்ன அசைவும் வலிக்கும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும் என்று வட்டம் போட்டுக் காட்டினார். வ்லாயென், லின்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் எழுதியது இதைத்தானாம். என் ஸ்கேனைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். முதுகுவலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டோரின் படங்களை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 50 வயதில் 80 விழுக்காட்டினருக்குத் தட்டு தேய்ந்திருக்கிறது, 60 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியும் இருக்கிறது. இதை ஈப்போவிலேயே சொல்லியிருந்தால் சம்பள ஆள் செலவு மிஞ்சியிருக்கும்.

வைத்தியம் என்னவென்றால் அரிசி. ஐந்து கிலோ பையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, "தூக்கினா பத்துக்கு எவ்வளவு வலிக்கும்னு நினைக்கிறீங்க?" என்றார். எட்டு என்றேன். கை நடுங்கத் தூக்கினேன். "இப்போ?" மூன்று. எட்டையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைப் பலகையில் எழுதினார், வேறு ஒன்றும் பேசவில்லை. அடுத்தடுத்து பை முக்காலிக்கு இறங்கியது, பிறகு தரைக்கு. வலித்தால் நிறுத்துவது என்றில்லை. இன்றைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு அதைச் செய்வது. வலி இல்லாத நாளிலும் அதற்கு மேல் செய்யக்கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரச் சொன்னார். "வலிக்குதான்னு கேக்காதீங்க அங்கிள், இன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் கேட்கிறார்.

வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தக் கடிதம் வர வேண்டிய வாரம் ஒரு டின்னும் தூக்காமலே இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது அதைக் கண்டு படுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். எண்ணெய் டின்னை நானேதான் தூக்குகிறேன்.

மெஷின் வைப்பார்கள், உருவி விடுவார்கள் என்று வருபவர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. என் பக்கத்து வீட்டு அக்கா, அந்தக் காலத்தில் பால் மரம் வெட்டியவர், "பேசறதுக்கா காசு?" என்று பாதியில் கிளம்பிவிட்டார். உருவுவதைப் பிசியோ ஒன்றும் பழிக்கவில்லை; தடவினால் வலி சற்று நேரம் அடங்குவதற்கு 1965-லேயே விஞ்ஞானிகள் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள் என்கிறார். மனச்சோர்வு முற்றியவர்களை அவரே மனநல டாக்டரிடம் அனுப்பிவிடுகிறார். செலாயாங் அரசு மருத்துவமனையில் மனநல நிபுணரும் பிசியோவும் சேர்ந்து வலிக்கென்றே பயிற்சி நடத்தியிருக்கிறார்கள், ஆனால் கடையைப் போட்டுவிட்டு நம்மால் அவ்வளவு தூரம் போக முடியாது.

நேரம் மட்டும் சொன்னபடி நடக்காது, அரை மணி தள்ளிப்போகும். சனிக்கிழமை கூட்டம். ரொக்கம் கொண்டுபோங்கள். ஸ்கேன் படம் இருந்தால் எடுத்துப் போங்கள், அவரும் பார்ப்பார்.