வீட்டில் வசாபி: பக்கெட்டா, குழாயா, கல்படுகையா?

என் முதல் வசாபிச் செடியைக் கொன்றது 29 டிகிரி தண்ணீர். ஜப்பானியர்கள் மீனோடு தொட்டுக்கொள்ளும் பச்சைக் காரத் துவையலுக்கான செடி அது. டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் வடக்குப் பார்த்த ஒரு பால்கனி. மே மாதம் நாற்று வாங்கி வந்து, உரம் கலந்த தண்ணீர் வாளியில் வைத்தேன். ஜூன் முழுக்கச் சின்ன வெற்றிலை போல இலை இலையாக விட்டது. ஜூலைக் கடைசியில் நான் வெளியூர் போகவில்லை, ஏர் பம்ப் நிற்கவில்லை, உரக் கரைசலும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரே வாரத்தில் காம்புகள் சாய்ந்து, அடித்தண்டு விரலால் அமுக்கினால் குழையும் அளவுக்கு அழுகிவிட்டது. கெட்டுப்போன முட்டைக்கோஸ் நாற்றம் வேறு. வசாபியும் முட்டைக்கோஸும் ஒரே கடுகுக் குடும்பம் என்பதை மூக்கு வழியாகத் தெரிந்துகொண்டேன்.

இதே சைதாமாவில்தான் குமகயா என்ற ஊர் இருக்கிறது. 2018 ஜூலையில் அங்கே 41.1 டிகிரி வெயில் அடித்தது. அப்படிப்பட்ட இடத்தில் மலை ஓடையில் வளரும் செடியை வளர்க்க நினைத்தது என் தப்பு. அதற்குப் பிறகு சில முறைகளை நானே செய்து பார்த்தேன், சிலவற்றை நண்பர்கள் வீட்டில் பார்த்தேன். மண்ணில்லாமல் உரக் கரைசலில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறைகளை ஒப்பிடும்போது பொதுவாக விலை, இடம், விளைச்சல் என்று பார்ப்பார்கள். வசாபிக்கு நான் முதலில் கேட்பது வேறு: இந்த முறையில் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் சூடாகும்?

செடி பிறந்த இடத்தைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குக் காரணம் புரியும். ஷிசுவோகாவின் உதோகி மலைக்கிராமத்தில்தான் வசாபிப் பயிர் சுமார் 400 வருடங்களுக்கு முன் தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்தப் பகுதியின் ஓடை வசாபி முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2018-இல் உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. நாகனோவில் அசுமினோ சமவெளியில் இருக்கும் தாயோ பண்ணையில், மலைப்பனி உருகி நிலத்தடியில் வடிந்து ஊற்றாக எழும் தண்ணீர் பாத்திகளின் ஊடே ஓடுகிறது. கோடையில் அதில் கை விட்டால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். ஏறக்குறைய 13 டிகிரி, வருடம் முழுக்க. பாத்திகளுக்கு மேலே கறுப்பு நிழல்வலை.

ஷிசுவோகாவின் இசு பகுதியில் 'தத்தாமி இஷி' என்று ஒரு பாத்தி முறை உண்டு. அடியில் பெரிய பாறைகள், அதற்கு மேல் சின்னக் கற்கள், மேலே சரளையும் மணலும். தண்ணீர் மேலாகவும் ஓடும், கற்களுக்கிடையே இறங்கியும் ஓடும். கற்கள் அழுக்கை வடிகட்டும், வேருக்குக் காற்று கிடைக்கும், குளிர்ச்சியும் நிலையாக இருக்கும். மின்சாரமே இல்லாத ஹைட்ரோபோனிக்ஸ் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். நாம் வீட்டில் பம்ப், டைமர், குழாய் எல்லாம் வைத்துச் செய்யப் பார்ப்பது இதன் நகலைத்தான்.

சரி, பக்கெட் முறை. மூடிய வாளியில் கரைசல், மூடியில் ஓட்டை போட்டுச் செடியைத் தாங்கும் வலைக்கிண்ணம் (நெட் பாட்), அடியில் காற்றைக் குமிழாக விடும் ஏர் ஸ்டோன். மலிவு, எளிது, கீரைக்கும் லெட்யூஸுக்கும் பிரமாதம். ஏர் ஸ்டோன் குமிழ்விடுவதைப் பார்த்து, ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது என்று நினைத்ததுதான் என் தவறு. எவ்வளவு குமிழ் விட்டாலும் தண்ணீர் தன் சூட்டுக்குத் தக்கபடிதான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 15 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. அதே நேரத்தில் சூட்டில் வேர் வேகமாகச் சுவாசிக்கும். தேவை ஏற, இருப்பு இறங்க, அந்த இடைவெளியில் பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகளும் மென்மையழுகல் பாக்டீரியாவும் புகுந்துவிடும். என் ஏர் பம்ப் பால்கனியின் 35 டிகிரிக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செடிக்கு நானே ஒத்தடம் கொடுத்திருக்கிறேன்.

பனிக்கட்டி போட்டால் போதாதா? நானும் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை பாட்டிலில் உறைய வைத்து 40 லிட்டர் தொட்டியில் மிதக்கவிட்டால், அது முழுக்க உருகும்போது தண்ணீர் இரண்டு டிகிரியும் கொஞ்சமும்தான் இறங்கும். 28-இலிருந்து 14-க்குக் கொண்டுவர ஒரே நேரத்தில் ஆறு பாட்டில் வேண்டும். பிறகு அந்தக் குளிர் தங்க வேண்டும். ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லாமல் போனபோது அந்தச் சோதனை வீட்டு உத்தரவின்படி நிறுத்தப்பட்டது.

ஆனால் பக்கெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தண்ணீர் மொத்தமாக ஒரே இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் தெர்மாகோல் கட்டி, தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் ஒன்றை இணைத்துவிட்டால் குளிர்ச்சி நிற்கும். ஆகவே, சில்லர் இல்லாத பக்கெட் வசாபிக்குக் கல்லறை, சில்லர் உள்ள பக்கெட் நல்ல தொடக்கம். தண்டின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். இஞ்சி, மஞ்சள் போலவே இங்கும் நாம் உண்பது வேர் அல்ல, தண்டுதான். கிழங்கு என்று நான் சொல்வதும் அதைத்தான். ஆனால் இஞ்சி மண்ணுக்குள் படுத்து வளரும், இது நிமிர்ந்து வளரும். தலை நனைந்தே கிடந்தால் அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

குழாய்க்குள் கரைசலை மெல்லிய படலமாக ஓடவிடும் முறையை, அதாவது என்.எஃப்.டி.யை, வசாபிக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அலுவலக நண்பர் ஒருவர் பி.வி.சி. குழாய்களில் அழகாக வைத்திருந்தார். மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர் குழாய் முழுக்கக் காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பும். சில்லர் ஒரு பக்கம் குளிர்விக்க, குழாய் மறுபக்கம் சூடாக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் காலம். இந்த முறைக்கு ஏற்றது ஒன்றரை மாதத்தில் அறுவடையாகும் கீரை. வசாபிக்கு 18 மாதமாவது வேண்டும், இரண்டு வருடம் என்றால் இன்னும் நல்லது. அதற்குள் வேர் பாயாகப் பின்னிக் குழாயை அடைத்துவிடுகிறது. நண்பர் இப்போது அதில் கொத்தமல்லி வளர்க்கிறார், நன்றாகவே வருகிறது.

வேரை அந்தரத்தில் தொங்கவிட்டுப் பனித்தூவலாகக் கரைசல் அடிக்கும் ஏரோபோனிக்ஸில் ஆக்சிஜனுக்குக் குறையே இல்லை. ஆனால் நுண்துளி சட்டென்று பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். தூவும் முனை (நாசில்) ஒன்று அடைத்தாலோ கரண்ட் போனாலோ, சில மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். பெட்டி முழுவதையும் குளிரூட்டிய அறையில் வைக்க முடிந்தவர்களுக்கு மட்டும். ஜப்பானில் கண்டெய்னருக்குள் வசாபி வளர்க்கும் தொழில்முறை ஆட்களும் செடியோடு சேர்த்து அறையையே குளிர வைக்கிறார்கள்.

தட்டில் தண்ணீர் ஏறி இறங்கும் முறை நடுத்தரம். தவறில்லை, ஆனால் தண்ணீர் இறங்கிய நேரத்தில் கற்கள் சூடேறுகின்றன. அந்தத் தட்டையே தண்ணீர் நிற்காமல் ஓடும்படி மாற்றிவிட்டால் அது கல்படுகை ஆகிவிடுகிறது. நான் கடைசியில் வந்து நின்றதும் அங்கேதான்.

என் படுகைக்குச் செலவு குறைவு. சூப்பர்மார்க்கெட் மீன் பிரிவில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டிகள் இரண்டு. ஒன்று மேலே படுகை, மற்றது கீழே மூடிய தண்ணீர்த் தொட்டி. காசு கொடுத்து வாங்கும் சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியை விடவும் அது குளிரைப் பிடித்து வைக்கும். இசுவின் பாணியில் அடியில் பெரிசு, மேலே சிறிசு என்று கல் போட நினைத்தேன், ஆனால் பால்கனியின் பாரத்தை நினைத்துத் தயங்கினேன். அதனால் ஹியூகா என்ற எரிமலை நுரைக்கல். தோட்டக்கடைகளில் பல அளவில் கிடைக்கிறது, லேசானது, காற்றும் தங்கும். அது கிடைக்காத ஊரில் களிமண் உருண்டை போதும். ஒரு முனையில் தண்ணீர் விழும், மறுமுனையில் தண்டின் தலைக்குக் கீழே இருக்கும் மட்டத்தில் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். பம்ப் 24 மணி நேரமும் ஓடும். கரைசலை லெட்யூஸுக்குக் கொடுப்பதில் பாதி வீரியத்தில் வைத்திருக்கிறேன். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில்.

ஓடைக்கும் என் படுகைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஓடையில் தண்ணீர் திரும்பி வராது. ஓடை வசாபி ஏன் தடிக்கிறது, நிலத்து வசாபி ஏன் சிறுத்துப்போகிறது என்பதற்கு ஜப்பானில் ஒரு விளக்கம் சொல்வார்கள். வசாபி தன் வேரிலிருந்து விடும் காரப்பொருள் பக்கத்துச் செடிகளை மட்டுமல்ல, தன்னையும் வளரவிடாமல் தடுக்கும். ஓடும் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகிறது. நம் தொட்டியில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் என்பதால், முதல் நாள் இரவே கொஞ்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கலக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை அலுப்புத்தான், மறைக்கவில்லை.

அப்புறம் சில்லர். மீன்தொட்டிக்கு வரும் சின்ன வகை. தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளும், ஆகவே அதைச் செடி இருக்கும் மூடிய அறையிலேயே வைத்தால் அது தன்னோடு தானே சண்டை போடும். 150 வாட் இழுக்கும் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடுவதாக வைத்தால் 1.8 யூனிட். யூனிட் 31 யென் என்றால் மாதம் சுமார் 1,700 யென். சூடான நான்கு மாதங்களுக்கு 6,700. ஒரு கிழங்கு இரண்டு கோடை தாண்ட வேண்டும் என்பதால் 13,400. ஆறு செடி வைத்தால் ஒரு கிழங்கின் தலையில் 2,200 யென் கரண்ட் காசு மட்டும். கடையில் ஓரளவு நல்ல கிழங்கே ஆயிரம் யென்னைச் சுற்றிக் கிடைக்கிறது. "இந்தக் கரண்ட் காசுக்குக் கடையிலேயே வாங்கிடலாமேங்க" என்று வீட்டில் கேட்டார்கள். கணக்கில் பிழை இல்லை. காசு மிச்சம் பிடிக்க வசாபி வளர்க்காதீர்கள்.

சென்னையில் இருக்கும் தம்பி, "அண்ணே, மொட்டைமாடியில வைக்கலாமா?" என்று கேட்டான். மொட்டைமாடி டேங்கில் மே மாதம் வரும் தண்ணீரில் குளிக்கவே யோசிப்போம். வைப்பதானால் ஏ.சி. அறைக்குள்தான் என்றேன். அதோடு பேச்சை மாற்றிவிட்டான்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு போட்டியாளர் உண்டு: சாதாரண மண்தொட்டி. ஜப்பானில் நிழல்பாங்கான நிலத்தில் வளர்க்கும் 'ஹதாகே வசாபி' பெரும்பாலும் இலைக்கும் காம்புக்கும் பதப்படுத்தலுக்கும்தான். கிழங்கு சிறுத்தே இருக்கும். ஆனால் பம்ப் கிடையாது, கோடையில் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். தண்ணீர் தேங்காத கலவை, நேர்வெயில் படாத இடம், அவ்வளவுதான். இலையைக் காம்போடு நறுக்கி, கொதிக்க விடாமல் 80 டிகிரி அளவுள்ள வெந்நீரை ஊற்றி எடுத்து, உப்புப் போட்டுக் கசக்கி, இறுக்கமான டப்பாவில் அடைத்து வையுங்கள். திறக்கும்போது மூக்கில் ஏறும். காரம் செல் உடையும்போதுதான் பிறக்கிறது, மூடி வைத்தால்தான் தங்குகிறது. இலை போதும் என்பவருக்கு மண்தொட்டியே சரி, சில்லர் வாங்க வேண்டாம். கிழங்கு வேண்டும் என்பவருக்குக் கல்படுகையும் சில்லரும். இரண்டுக்கும் நடுவே ஊசலாடுபவர் குளிரூட்டிய பக்கெட்டில் இரண்டு செடியோடு தொடங்கலாம்.

விதையில் தொடங்காதீர்கள். காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும், குளிரிலும் ஈரத்திலும் வைத்திருந்து முளைக்க வைக்க வேண்டும். நாற்றில் மசுமா, தருமா என்று இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். மசுமா காரமும் மணமும் கூடியது, ஆனால் நிதானமாக வளரும். வீட்டுக்காரனுக்குத் தருமா கொஞ்சம் இரக்கம் காட்டும்.

என் படுகையில் இருப்பது தருமாதான், நான்கு செடி. நட்டு 19 மாதம் ஆகிறது. ஒரு கோடையைத் தாண்டிவிட்டன, இந்த மார்ச்சில் வெள்ளைப் பூவும் விட்டன. தண்டு என் கட்டைவிரல் தடிமனுக்கு வந்திருக்கிறது. உதிர்ந்த இலைகளின் தழும்பு வளையம் வளையமாகத் தெரிகிறது. ஒரு பக்கக் கன்றை மட்டும் பிய்த்து, இலைப் பக்கத்திலிருந்து வட்டமாகத் துருவிப் பார்த்தேன். கால் டீஸ்பூன்கூடத் தேறவில்லை. காரம் கால் மணி நேரத்தில் மங்க ஆரம்பித்துவிடும் என்பதால் சமையலறையில் நின்றபடியே தின்று முடித்தோம். ட்யூப் பசையில் பெரும்பாலும் இருப்பது குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சைச் சாயமும். எங்கள் வசாபியில் முதலில் ஒரு இனிப்பு, அதற்குப் பிறகுதான் காரம். அக்டோபர் வரை மற்றவற்றில் கை வைப்பதில்லை என்று முடிவு. சுறாத்தோல் ஒட்டிய துருவுபலகை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறேன்.