சிங்கப்பூர் குரூஸ் பேக்கேஜ்: கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பர் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

கோடை விடுமுறை குரூஸ்களுக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் பறக்க ஆரம்பித்துவிட்டது. 2025 மே மாதம் நாங்கள் ஐந்து பேர் (நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார்) திருச்சி ஏஜென்ட் ஒருவர் மூலம் போய்வந்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர், நான்கு இரவு. கப்பல்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏஜென்ட் எங்களிடம் விற்றது ஒன்று, எங்கள் பெயரில் கப்பலில் வாங்கிப் போட்டது வேறொன்று. வழக்குப் போட்டிருப்பதால் பெயர் எழுத முடியாது, தயவுசெய்து இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள்.

விளம்பரத்தில் "ஒருவருக்கு 44,999 மட்டும்" என்று போட்டிருந்தது. அது ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு ஆகும் விலை. விமானம், துறைமுக வரி, விசா, டிப்ஸ் எதுவும் அதில் கிடையாது. எல்லாம் சேர்த்து, திருச்சியிலிருந்து போகவர டிக்கெட்டோடு, ஐந்து பேருக்கு 4,75,000 என்று பேசி முடித்தோம். அதற்குமேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி, 5 சதவீதம் டிசிஎஸ் (ஏஜென்ட் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி). இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 49,000. "பால்கனி ரூம் ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல. டிப்ஸ், டூர் எல்லாமே இன்க்ளூடட்க்கா, நீங்க பர்ஸையே எடுக்க வேண்டாம்" என்று அந்தத் தம்பி வாட்ஸ்அப்பிலேயே எழுதியும் அனுப்பினார். அந்த மெசேஜ்தான் இப்போது வழக்கில் எங்கள் முதல் ஆதாரம்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கு உண்டான அதே ரேட்தான் போட்டிருந்தார். பல கப்பல்களில் ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் நன்றாகக் குறையும். சில சீசனில் பிள்ளைகளுக்கு வரி மட்டும் கட்டினால் போதும் என்றுகூட சலுகை விடுவார்கள். கேட்டதற்கு "அது அமெரிக்கா பக்கம்தான்க்கா" என்று சொல்லிவிட்டார். கப்பல் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் அதே தேதி, அதே ஆள் எண்ணிக்கை போட்டுப் பார்த்தாலே போதும், அசல் விலை தெரிந்துவிடும்.

முன்பணம் கட்டியதும் அவருடைய லோகோ போட்ட ஒரு வவுச்சர் வந்தது. பச்சை எழுத்தில் "கன்ஃபர்ம்டு". அந்தக் காகிதத்துக்குக் கப்பலில் ஒரு மதிப்பும் கிடையாது. கப்பல் கம்பெனி தன் சிஸ்டத்தில் தரும் புக்கிங் நம்பர் என்று ஒன்று உண்டு. அதையும் பெயரையும் பிறந்த தேதியையும் கம்பெனியின் ஆப்பில் போட்டால், எந்த வகை அறை, யார் யார் எந்த அறையில், டிப்ஸ் கட்டியாகிவிட்டதா, சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறதா எல்லாம் தெரியும். அந்த நம்பரை வீட்டுக்காரர் கேட்காத வாரம் இல்லை. "குரூப் புக்கிங் சார், கடைசியிலதான் ரிலீஸ் பண்ணுவாங்க." கிளம்பும் வாரத்தில்தான் நம்பர் வந்தது. அதற்குள் பணம் முழுக்க அவர் கையில். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.

ஏன் இப்படி இழுத்தடிக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. கப்பல்களில் "கேரண்டி" என்று ஒரு வகை உண்டு. எந்த வகை அறை என்பது மட்டும் உறுதி; எந்தத் தளம், எந்த நம்பர் என்பதைக் கம்பெனி கடைசியில் தன் இஷ்டத்துக்கு ஒதுக்கும். அதனால் விலை குறைவு. நம்மிடம் பால்கனிக்குப் பணம் வாங்கிவிட்டு, பிறகு நிதானமாக மலிவான கேரண்டி அறையைப் பிடித்துப் போட்டால் நடுவில் நிற்கும் பணம் அவர்களுக்கு. நம்பரை முன்னாலேயே கொடுத்தால் குட்டு உடைந்துவிடுமே.

எங்களுக்கு வாய்த்தது: 3-வது தளத்தில் பின்கோடியில் ஜன்னலே இல்லாத ஓர் உள் அறை. 8-வது தளத்தில் முன்பக்கம் இன்னொன்று. அதற்கு ஜன்னல் இருந்தது. மாமியார் ஆசையாகத் திரையை விலக்கினார். கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில், ஜன்னல் முழுக்க அடைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் உயிர்காக்கும் படகு. அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூடப் படிக்கலாம். "கடல் எந்தப் பக்கம்மா இருக்கு?" என்றார். கப்பலின் கஸ்டமர் சர்வீஸ் கவுன்டரில் போய் நின்றோம். அந்தப் பெண் பொறுமையாக ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார்: ஒன்று உள் அறை கேரண்டி, மற்றொன்று பார்வை மறைக்கப்பட்ட ஜன்னல் அறை. புக் செய்தபோதே அப்படித்தான். மாற்றித் தர இடமில்லை, கப்பல் நிரம்பிவிட்டது.

டிப்ஸ் கதை தனி. பெரும்பாலான கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை டிப்ஸ் தானாகவே உங்கள் கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். முன்கூட்டியே கட்டியிருந்தால் ஏறாது. எங்களுக்கு ஏறியது: 18 டாலர், ஐந்து பேர், நான்கு நாள், ஆக 360 டாலர். அன்றைய விலையில் 30,000 ரூபாய்க்கு மேல். ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே கொடுத்ததையே மறுபடியும் கொடுத்தோம். அறையைத் துடைத்தவர்களும் பரிமாறியவர்களும் நன்றாகவே கவனித்தார்கள். அவர்கள் காசில் கைவைக்க மனசு வரவில்லை. இறங்குவதற்குள் கவுன்டரில் சொன்னால் பல கம்பெனிகள் குறைத்துத் தருவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன், அது உங்கள் விருப்பம்.

கணக்கு முழுக்க டாலரில்தான் ஓடும். பானங்கள், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா எல்லாவற்றிலும் விலைக்குமேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடுவது பல கப்பல்களில் வழக்கம். நம்மூர் கிரெடிட் கார்டு என்றால் வங்கி 3.5 சதவீதம்வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். டெபிட் கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு தொகையைப் பிடித்துவைத்து ஊருக்கு வந்து சில நாள் கழித்துத்தான் விடுவார்கள். போனை ஏறியதும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நாம் போடும் சிங்கப்பூர், மலேசியா ரோமிங் பேக் நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்குக்குப் பொதுவாகச் செல்லாது.

சாப்பாடு. மாமியார் சுத்த சைவம், முட்டை வாடையே ஆகாது. சொன்னதெல்லாம் ஏஜென்ட் டைரியில் எழுதிக்கொண்டதோடு சரி, கப்பலுக்குப் போகவே இல்லை. முன்கூட்டியே சொன்னால் இந்தியச் சைவமும் ஜைன உணவும் செய்து தரும் கப்பல் அது. முதல் ராத்திரி அவருக்குப் பழமும் பிரெட்டும். மறுநாளிலிருந்து தலைமைப் பரிமாறுநர் (கேரளத்துக்காரர், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்) தினமும் தனியாகப் பருப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார்.

பினாங்கில் "சிட்டி டூர்" என்று ஆளுக்கு 4,500 வாங்கியிருந்தார். கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில். வேன் எங்களை ஏற்றி, இரண்டு சிக்னல் தாண்டி லிட்டில் இந்தியாவில் இறக்கிவிட்டு, "மூன்று மணிநேரம் சுற்றிப் பாருங்கள்" என்று போய்விட்டது. பொடிநடையாகவே போகக்கூடிய தூரம்! 1833-இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது, கடைத்தெரு முழுக்கத் தமிழ்தான் பேசுகிறார்கள். வழிகாட்டியே தேவையில்லாத இடத்துக்கு 22,500 ரூபாய் அழுதிருக்கிறோம்.

புக்கெட்டில் நடந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணிநேரம் பின்தங்கியது. எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. நம் போனோ கரையில் கால் வைத்ததும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஏஜென்ட் ஏற்பாடு செய்த வேன்காரர், கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகுக்குக் கப்பல் கொடுத்த நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டு, எங்களை ஒரு முந்திரிக் கடையில் உட்கார வைத்துவிட்டார். சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த, மூத்தவள் கையில் கட்டியிருந்த பழைய முள் வாட்ச்தான் காப்பாற்றியது. பத்தோங் கடற்கரையில் ஓட்டமாய் ஓடிக் கடைசிப் படகைப் பிடித்தோம். கப்பலே நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளி ஆள் டூருக்குக் காத்திருக்காது. விட்டிருந்தால் ஐந்து பேருக்கும் விமான டிக்கெட் போட்டு சிங்கப்பூர் வந்திருக்க வேண்டும்.

சில்லறை வசூல்களையும் எழுதிவிடுகிறேன். "அரைவல் ஃபார்ம் சார்ஜ்" என்று ஆளுக்கு 1,500. சிங்கப்பூர் அரைவல் கார்டு குடிவரவுத் துறையின் வெப்சைட்டில் இலவசம், வந்திறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நாமே நிரப்பலாம்; கப்பலில் திரும்பி வரும்போதும் ஒருமுறை நிரப்ப வேண்டும். மலேசியாவின் டிஜிட்டல் கார்டும் இலவசம்தான். சிங்கப்பூர் விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்குமேல் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். விசா கைக்கு வந்ததும் "மல்டிபிள் ஜர்னி" என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள். விமானத்தில் நுழைவது ஒன்று, கப்பலில் திரும்ப நுழைவது இரண்டு.

இனி டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் வசூலித்து நம் பான் நம்பரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி இது. எங்களுக்கு அப்போது 5 சதவீதம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். கட்டியிருந்தால் நம் 26ஏஎஸ்-ல் (நம் பான் நம்பரில் கட்டிய வரிகளைக் காட்டும் வருமான வரித் துறையின் பட்டியல்) வரும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், இல்லை திரும்ப வாங்கலாம். மார்ச்சுக்குள் முழுப் பணமும் கொடுத்தாயிற்று. ஜூலையில் ஆடிட்டர் பார்த்தபோது 26ஏஎஸ்-ல் அப்படி ஒரு பதிவே இல்லை. டிசிஎஸ் கட்டியதற்கான படிவம் 27டி சான்றிதழ் கேட்டோம். அன்றோடு அந்தத் தம்பி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். 20,000-க்கு மேல் பிடித்த பணம், பில்லில் "டிசிஎஸ்" என்று அச்சடித்திருக்கிறது, அரசுக்குப் போகவில்லை. அறை மாறியதைக்கூட "கப்பல்காரங்க மாத்திட்டாங்க" என்று சமாளிப்பார்கள், இதற்கு என்ன சமாளிப்பு? டூர் போய்வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை 26ஏஎஸ்-ஐத் திறந்து பார்த்துவிடுங்கள்.

எங்களுக்கு உதவியது ஒன்று உண்டு. பாதிப் பணத்தைத் தன் சொந்த ஜிபே நம்பருக்குப் போடச் சொன்னார், "கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு" என்று. வீட்டுக்காரர் மசியவில்லை, எல்லாமே கம்பெனி வங்கிக் கணக்குக்குத்தான் போனது. அதனால் "அவ்வளவு வாங்கவில்லை" என்று அவரால் சொல்ல முடியவில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதற்குப் பதிலே இல்லாமல் போகவே வக்கீல் நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம்வரை என்றால் கட்டணமே இல்லை. எங்களுடையது அதைத் தாண்டியதால் 200 ரூபாய். கவுன்டரில் காட்டிய ஸ்கிரீனின் போட்டோ, படகு மறைத்த ஜன்னலின் போட்டோ, இறங்கும்போது கொடுத்த கணக்குத் தாள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இணைத்திருக்கிறோம்.

நோட்டீஸ் போன பிறகு டிப்ஸ் பணத்தை மட்டும் சத்தமில்லாமல் கணக்கில் போட்டுவிட்டார். மீதி அறை வித்தியாசம், டூர், டிசிஎஸ். டிசிஎஸ்-க்கு வருமான வரித் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறோம். ஆணையத்தில் எதிர்த்தரப்பு இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை, வாய்தா வாங்கியிருக்கிறார்கள். ஏதாவது நகர்ந்தால் இங்கேயே எழுதுகிறேன்.