அரசுப் பள்ளிக் காலை உணவு: ஐந்து நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

புதன்கிழமை வெண்பொங்கலில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஐந்து நாளில் அதுதான் முதலிடம். அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்திருந்தன. சீரகம் வாசம் அடித்தது. சாம்பாரில் கேரட்டும் சர்க்கரைப் பூசணியும் கையில் எடுக்கிற அளவுக்குத் துண்டாகவே இருந்தன. பிள்ளைகள் மிளகை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு மீதியை வழித்துச் சாப்பிட்டார்கள். இரண்டாவது முறை கேட்டவர்களுக்கும் இருந்தது. நானும் இரண்டாவது முறை வாங்கினேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊர். நான் நூல் மில்லில் வேலை செய்கிறேன். மகன் மூன்றாவது, மகள் ஆறாவது, இரண்டு பேரும் ஊரில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் ஒரு உறுப்பினர். காலை உணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்பு குழுவில் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு ஷிப்டு மாறி மாறி வருவதால் இத்தனை நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. 2025 ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகு எனக்கு நைட் ஷிப்டு விழுந்தது. காலை ஏழு மணிக்கு வேன் இறக்கிவிடும். முகம் கழுவிக்கொண்டு எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போய்விடுவேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அப்போது 1,545 பள்ளிகள்தான். எங்கள் பள்ளிக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, திருக்குவளையில் தொடங்கி வைத்து மாநிலம் முழுக்க 31,008 பள்ளிகளுக்கு விரித்த அன்று. 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய்கறி என்பது கணக்கு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மட்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

திங்கட்கிழமை ரவா உப்புமா. எட்டேகாலுக்குச் சூடாக இறங்கியபோது நன்றாகவே இருந்தது. தாளிப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் உப்புமா காத்திருக்காது. தோட்டத்து வீடுகளில் இருந்து நடந்து வரும் பிள்ளைகள் எட்டரைக்கு மேல்தான் வந்தார்கள், அவர்கள் தட்டில் விழுந்தது கட்டி. சாம்பாரும் அதற்குள் பருப்பு அடியில் தங்கி மேலே தெளிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ரவா கிச்சடி, காய் நிறைய, மஞ்சள் நிறத்தைப் பார்த்தே சின்னதுகள் சந்தோஷமாக உட்கார்ந்தன. வெள்ளிக்கிழமை சேமியா கிச்சடியும் அப்படித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை கோதுமை ரவா உப்புமாதான் தேறவில்லை. அரைவேக்காடு. பல்லில் நறநறவென்று பட்டது. அன்றைக்குச் சாப்பிட்ட 58 பிள்ளைகளில் 14 பேர் பாதிக்கு மேல் மிச்சம் வைத்தார்கள், நின்று எண்ணினேன். சமைக்கும் அக்காவிடம் கேட்டேன். "கோதுமை ரவைக்குக் கொஞ்ச நேரம் ஊற வேணும்மா. நான் அஞ்சரைக்கு வந்து அடுப்பு பத்த வைக்கிறேன். இன்னைக்கு கரண்ட் இல்ல, தண்ணி தூக்கிட்டு வரவே அரை மணி போயிருச்சு" என்றார். தப்பை மறைக்கவில்லை. மோட்டார் ஓடாத நாளுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் முதல் நாள் மாலையே பிடித்து மூடி வைக்க வேண்டும் என்று குழுவின் நோட்டில் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.

சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர். இரண்டு பேரின் பிள்ளைகளும் இதே பள்ளியில் படிக்கிறார்கள். அப்படிப்பட்டவரைத்தான் எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை எழுதியவர் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அண்டாவில் கரண்டி விடும்போது தன் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் கை தானாகக் கவனமாகிவிடும். அடுப்பு பற்ற வைத்தது, இறக்கியது, பரிமாறியது என்று ஒவ்வொரு நேரத்தையும் அவர்கள் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். சிக்னல் கிடைக்காமல் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் நடந்ததை மூன்று நாள் பார்த்தேன்.

அந்த இருவரில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். இதை எழுதாமல் விட்டால் இந்த விமர்சனம் முழுசாகாது. 2023 செப்டம்பரில் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கரூரில், வேலன்செட்டியூரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று சில பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் ஊரிலும் முதல் மாதம் சில வீடுகளில் இருந்து தூக்குவாளி வந்தது. யாரும் வாய்விட்டுக் காரணம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். எங்கள் தலைமையாசிரியர் டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. தினமும் முதல் தட்டைத் தானே வாங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தூக்குவாளி கொண்டுவந்த பிள்ளைகள் பக்கத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். தீபாவளிக்குள் தூக்குவாளி நின்றுவிட்டது. நான் சாப்பிட்ட ஐந்து நாளும் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற வரிசைப்படி உட்காருகிறார்கள். நான் படித்த காலத்தில் இதே ஊரில், இதே வராண்டாவில் அப்படி இல்லை.

இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள், அம்மாக்கள் சோம்பேறி ஆகிறார்கள் என்று பேசுகிறவர்களை டீவி விவாதத்திலும் பார்க்கிறேன், வேனிலும் கேட்கிறேன். திட்டம் விரிவான அந்த ஆகஸ்ட் மாதமே, பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிவறை நிரம்பி வழிகிறது என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளையின் வயிற்றைப் பற்றி அப்படி எழுத ஒருவருக்கு மனசு வந்ததே என்றுதான் இருந்தது.

அவர்களுக்கு என் காலையைச் சொல்கிறேன். முதல் ஷிப்டு வாரத்தில் வேன் ஐந்து பத்துக்கு வரும். நான் நாலு மணிக்கு எழுந்தால் மதியத்துக்கு எனக்குக் கட்டி, தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி முடிக்கத்தான் நேரம் இருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், போனால் நாலு நாள். அந்த நேரத்தில் இட்லி ஊற்றி வைத்தாலும் எட்டு மணிக்கு அது ஆறிக் காய்ந்துதான் இருக்கும். இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு இரண்டு பிள்ளைகளும் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது என்று மகன் மேசையில் சாய்ந்த கதையை டீச்சர் சொல்லக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். இப்போது அவன் ஏழரைக்கே பையை மாட்டிக்கொள்கிறான்.

செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023-24க்கு 404 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அரசுப் பள்ளிகளில் சுமார் பதினைந்தே முக்கால் லட்சம் பிள்ளைகள். பள்ளி நடக்கும் நாளுக்கு வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 12 ரூபாய் வருகிறது. மில் வாசலில் ஒரு டீ அந்த விலை. அந்தக் காசுக்குக் காய் போட்ட சாம்பாரோடு சூடான பொங்கல் என்றால், நான் சாப்பிட்ட எந்தக் கடையும் பக்கத்தில் வராது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கோதுமை ரவைக்காக அரை குறைக்கிறேன். இன்னொரு அரை எதற்கு என்று சொல்கிறேன்.

என் மகள் போன ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். கட்டடம் அதே கட்டடம், வராண்டா அதே வராண்டா. ஐந்தாம் வகுப்பு முடித்த அன்றோடு அவள் தட்டு நின்றுவிட்டது. மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு, அதற்குப் பகல் பன்னிரண்டரை தாண்ட வேண்டும். பதினோரு வயதுப் பெண் பிள்ளை, வளருகிற உடம்பு. இப்போதும் அவள்தான் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியது 1982 ஜூலை 1. முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். என் அம்மா அதில் சாப்பிட்டவர். ஐந்தாவது முடித்து 1984 ஜூனில் ஆறாவது போனார், அங்கே சாப்பாடு இல்லை. பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் சத்துணவு என்று நீட்டியது அந்த ஆண்டு செப்டம்பரில். இடையில் இருந்த அந்த மூன்று மாதத்தில் அம்மாவை நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அம்மா கையெழுத்தை எழுத்துக்கூட்டித்தான் போடுவார். எட்டாவது வரைக்கும் இந்தக் காலை உணவை நீட்டுங்கள் என்று குழுத் தீர்மானம் போட வைத்து மேலே அனுப்பியிருக்கிறேன். மற்ற ஊர்க் குழுக்களிலும் யாராவது அம்மாக்கள் இதை எழுதிப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கிச்சடி பரிமாறும்போது மகள் தம்பியின் தட்டைக் கழுவி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூணோரமாக நின்றாள். சமைக்கும் அக்கா, "பாப்பா, நீயும் ஒரு வாய் சாப்பிடும்மா" என்று கரண்டியோடு கூப்பிட்டார். "எனக்குக் கணக்கு இல்லக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். என் தட்டில் அப்போதுதான் கிச்சடி விழுந்திருந்தது.