மண்டபத் தரைக்கு வைனில் விரிப்பு: பாவித்துப் பார்த்தவனின் அனுபவம்

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சங்க மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன கிழமை தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, நீங்கள் போடுற அந்த வைனில் விரிப்பு இப்ப விலை இறங்கியிருக்காம். எங்கட மண்டபத்துக்கும் எடுக்கலாமோ?" அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எங்களுடையது மேப்பிள் மரப் பலகைத் தரை போட்ட பட்மிண்டன் மண்டபம். விழாக்களுக்கும் கொடுப்போம், அப்போது தரையைக் காப்பாற்றத்தான் மேலே இந்த விரிப்பு. அதன் ஒரு பக்கத்தில் அப்போதுதான் பலகையை இழைத்து, புதிதாகப் பூச்சு அடித்து முடித்திருந்தார்கள். அந்தச் செலவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விரிப்பைப் பற்றி நல்லதாகப் பேச வாய் வரவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய நியாயம். இந்த விரிப்பு வருவதற்கு முன் நாங்கள் லொறிக்காரர் பாவிக்கும் படங்கைத்தான் விரித்தோம். அது கதிரைக் காலோடு சேர்ந்து இழுபடும், சுருங்கும், ஆட்கள் தடக்கி விழுவார்கள். ஒவ்வொரு விழா முடிந்த பிறகும் மேப்பிள் பலகையில் புதிதாக ஒரு கீறலாவது இருக்கும். வைனில் வந்த பிறகு கதிரைக் கீறல் என்ற பேச்சே இல்லை. விரிக்க முன் தரையை உலர்ந்த மொப்பால் நன்றாகக் கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். மணல் அடியில் அகப்பட்டால் மேலே நடக்கிற ஒவ்வொரு காலும் அதைப் பலகையில் போட்டுத் தேய்க்கும்.

கறை விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைத்தது. ஒரு சாமத்திய வீட்டில் ஆரத்தித் தட்டு அப்படியே சரிந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் விரிப்பின் நடுவில் ஓடியது. துடைத்த பிறகும் விரிப்பில் மங்கலான சாயம் நின்றது. தூக்கிப் பார்த்தால் கீழே பலகை துப்புரவாக இருந்தது. பந்தியில் கொட்டிய குழம்பின் மஞ்சளும் அப்படித்தான். மஞ்சளின் நிறம் வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் என்பதால், யன்னல் ஓரத்தில் விரிக்கும் துண்டிலிருந்த கறை நாளடைவில் தானாகவே வெளிறிவிட்டது. பூசைக்கு ஏற்றிய கற்பூரம் ஒன்று தட்டிலிருந்து விழுந்து விரிப்பில் மிளகளவு ஓட்டை போட்டது. பலகையில் அதன் அடையாளம்கூட இல்லை. சூடான சோற்றுக் கிடாரத்தை மட்டும் நேரே வைக்க விடாதீர்கள். வைனில் இளகும், பிறகு அந்த வட்டம் போகாது.

பாரம் பெரிய பிரச்சினை இல்லை. எங்களுடையது சதுர யாருக்கு 22 அவுன்ஸ் ரகம். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 750 கிராம் வரும். 3 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளமான துண்டு ஒன்று 45 கிலோ. சில்லு வைத்த சுருட்டும் வண்டி இருந்தால் இரண்டு பேர் போதும். வண்டி இல்லாமல் வாங்குவதை நினைக்கவே வேண்டாம்.

என் கோபமெல்லாம் துண்டும் துண்டும் சேருகிற இடத்தில்தான்.

ஒரு துண்டின் விளிம்பு மற்றதின் மேல் நான்கு அங்குலம் ஏறவேண்டும், அதன் மேல் டேப் ஒட்டவேண்டும். டேப் விரிப்போடு விரிப்பைத்தான் பிடிக்கவேண்டும், தரையில் படக்கூடாது; பட்டால் பசை பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும். சொல்லிக் கொடுத்தால் இதை யாரும் செய்வார்கள். ஆனால் கொழும்பில் அந்த டேப் ஒரு விழா முழுவதும் ஒட்டியிருக்காது. எங்கள் மண்டபத்தில் கை கழுவப் போகும் வழி ஒன்றுதான். சாப்பிட்டு எழும்புகிற அத்தனை பேரும் அந்தப் பொருத்தின் மேலால்தான் போகிறார்கள், ஈரக் கையோடு அதன் மேலால்தான் திரும்புகிறார்கள். காலடி டேப்பின் விளிம்பைக் கிளப்பும், சொட்டுகிற தண்ணீர் அதற்குள் இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. வைனில் மூச்சு விடாது. ஆகவே பலகைதான் அதைக் குடிக்கவேண்டும்.

மேப்பிள் விளையாட்டுத் தரை இருக்கிற மண்டபத்தில் ஈரப்பதன் 35 முதல் 50 வீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று அந்தத் தரையைச் செய்கிறவர்களின் அமெரிக்கச் சங்கம் சொல்கிறது. கொழும்பில் சாதாரண நாளிலேயே 70 வீதத்துக்கு மேல். மே மாத மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் கேட்கவே வேண்டாம். காற்றே ஈரமாக இருக்கிற ஊரில், அடியில் போன ஒரு குவளைத் தண்ணீர் தானாகக் காய்ந்துவிடும் என்று நம்பமுடியாது.

ஒரு விழாவுக்கு அடுத்த நாள் காலை விரிப்பைச் சுருட்டும்போது நான் அங்கு நின்றேன். அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். பலகையைக் கையால் தடவினேன். ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரமும் எழும்பி, நடு பதிந்திருந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுத்தான் பட்மிண்டன் வகுப்பைத் தொடங்கினார்கள். நல்ல தரையில் பிள்ளைகள் ஓடித் திரும்பும்போது சப்பாத்து கீச்சென்று கத்தும். அந்த இடத்தில் மட்டும் சத்தமே வரவில்லை. ஒரு சிறுமி வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தாள். பலகைக்கு ஆன செலவை மன்னிக்கலாம், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்றவர்கள் தந்த தாளில் "நன்றாக உலர்ந்த பின் சுருட்டவும்" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. எப்போது உலர்த்துவது? விழாக்காரர் இரவு பத்து மணிக்கு மண்டபத்தை விடுகிறார்கள். துப்புரவு செய்ய வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வகுப்பு. இரவே சுருட்டினால் ஈரம் சுருளுக்குள் போகும். அடுத்த விழாவுக்கு விரிக்கும்போது பூஞ்சண நாற்றம் மண்டபம் முழுக்க அடிக்கும், விளிம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. விடிய விட்டால் ஈரம் பலகைக்குள் போகும். இரண்டில் ஒன்றை அழியவிட்டுத்தான் மற்றதைக் காப்பாற்ற முடிகிறது.

வரண்ட நாட்டிலே இதே விரிப்பு ஒரு குறையும் இல்லாமல் உழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பொருள் தரமானதுதான். இத்தனை காலத்தில் கிழியவில்லை, விளிம்பு சுருளவில்லை. மேலே எழுதிய நல்ல சொல் எதையும் நான் திருப்பி வாங்கவில்லை.

ஆனாலும், மரத் தரையும் விடியற்காலை வகுப்பும் உள்ள மண்டபத்துக்கு இதை வாங்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். துண்டு துண்டாகப் பதிக்கிற சதுர விரிப்பைப் பாருங்கள். அது விலை கூட, அடுக்கி வைக்க இடமும் அதிகம் வேண்டும். கம்பள ரகமென்றால் மஞ்சள் விழுந்த துண்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் நனைந்த துண்டை மட்டும் தனியே தூக்கி வெளியே காயப்போடலாம், அடியில் என்ன நடக்கிறதென்று விழா நடக்கும்போதே பார்க்கலாம். சீமெந்துத் தரையென்றால் கதை வேறு. வைனிலையே எடுங்கள், யோசிக்கத் தேவையில்லை. பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் தரைக்கும் அதே பதில்தான். அதன்மேல் இறப்பர் அடி வைத்த விரிப்பைப் போடவேண்டாம். இறப்பரிலிருந்து இறங்கும் பழுப்புக் கறை கழுவினாலும் போகாது.

எங்களிடம் இருப்பதை எறிய முடியாது. இப்போது வாளியைத் தடை செய்துவிட்டோம், பிழிந்த மொப் மட்டும்தான். ஆட்கள் போனதும் முதலில் டேப்பை உரித்து, விளிம்புகளை மடித்துவிட்டு, நிற்கும் மின்விசிறிகளை அந்தப் பொருத்துகளை நோக்கி விடிய விடிய ஓடவிடுகிறோம். விழாவுக்கு அடுத்த நாள் வகுப்பை எட்டு மணிக்குத் தள்ளியிருக்கிறோம். பெற்றோர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மழை மாதங்களில் பந்திச் சாப்பாடு உள்ள விழாக்களுக்கு மண்டபம் கொடுக்கக்கூடாது என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாடகை குறையும் என்று பொருளாளர் ஏற்கெனவே எதிர்க்கிறார்.