இன்வோஸ் 5100சி மூளை ஆக்சிஜன் மானிட்டர்: எண்ணை விடுங்கள், போக்கைப் பாருங்கள்

திரையில் 62 என்று வருவதை "மூளையில் 62% ஆக்சிஜன்" என்று படிப்பவர்களுக்கு மெட்ரானிக்கின் இன்வோஸ் 5100சி சரிப்படாது. அதே நோயாளியின் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிப்பவர்களுக்கு, இதய அறுவையிலும் கரோட்டிட் (கழுத்துத் தமனி) அறுவையிலும் இது மிக நல்ல கருவி.

நெற்றியில் ஒட்டும் சென்சாரிலிருந்து 730, 810 நானோமீட்டர் ஒளி உள்ளே போகும். 3 செ.மீ. தள்ளி ஒரு டிடெக்டர், 4 செ.மீ. தள்ளி இன்னொன்று. கிட்ட இருப்பது பெரும்பாலும் தோலையும் மண்டை ஓட்டையும் பார்க்கும். எட்ட இருப்பது அதோடு மூளையின் மேற்பரப்பையும் பார்க்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து வருவதுதான் ஆர்.எஸ்.ஓ.2, அதாவது திரையில் தெரியும் அந்த எண். பல்ஸ் ஆக்சிமீட்டர் போல இதற்கு நாடித்துடிப்பு தேவையில்லை. இதயத்தை நிறுத்தி பம்பில் ஓட்டும்போதும் எண் வருகிறதென்றால் அதனால்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம்.

ஆனால் அந்தக் கழித்தல் முழுமையானதல்ல. 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில் தன்னார்வலர்களின் தலையைச் சுற்றிப் பட்டை இறுக்கி, தோலின் ரத்த ஓட்டத்தை மட்டும் தடுத்தார்கள். இன்வோஸ் எண் சராசரியாக 16.6% இறங்கியது. எனவே ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் மருந்தைக் கொடுத்ததும் எண் சரிந்தால், அதில் தோலின் பங்கு எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். ரத்தத்தில் தமனி 25%, சிரை 75% என்று கருவி வைத்துக்கொள்வதும் அனுமானமே. கருமையான தோலில் எண் குறைவாகவே காட்டும் போக்கும் உண்டு. நம் ஊர் நோயாளிகளை வேறு இடத்து 'நார்மல்' அட்டவணையோடு ஒப்பிட வேண்டாம்.

அதனால் எல்லாமே பேஸ்லைனில், அதாவது தொடக்கத்தில் குறிக்கும் எண்ணில், இருக்கிறது. நெற்றியைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, புருவத்துக்கு மேல், நடுக்கோட்டை விட்டு விலக்கி, முடி படாமல் ஒட்டுங்கள். நடுவில் ஒட்டினால் கீழே ஓடும் பெரிய சிரையைத்தான் அளப்பீர்கள். அடியில் ரத்தக்கட்டு இருந்தாலும் எண் கெடும். இண்டக்‌ஷனுக்கு (மயக்கம் கொடுக்கத் தொடங்குவதற்கு) முன், மாஸ்க் வைப்பதற்கும் முன், நோயாளி அறைக்காற்றைச் சுவாசிக்கும்போதே பேஸ்லைனைக் குறியுங்கள். 100% ஆக்சிஜன் கொடுத்தபின் குறித்தால் பேஸ்லைன் உயர்ந்துவிடும். பிறகு அலாரம் காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

பலர் சறுக்கும் இடம், பேஸ்லைனிலிருந்து 20% இறங்கினால் எச்சரிக்கை என்ற கணக்கு. பேஸ்லைன் 68 என்றால் எச்சரிக்கை எல்லை 48 அல்ல, 54. இருபது புள்ளி வேறு, இருபது சதவீதம் வேறு. எண் 50க்குக் கீழே போனால் பேஸ்லைன் என்னவாக இருந்தாலும் செயல்பட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் மருந்தைத் தொடுமுன் கழுத்து திரும்பியிருக்கிறதா, பம்பின் ரத்தக் குழாய் (கேனுலா) நகர்ந்ததா, சென்சார் விளிம்பு தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது கேபிள் மாறியிருப்பதும் நடப்பதுண்டு. இரண்டு பக்கமும் இறங்கினால் ரத்த அழுத்தம், ஆக்சிஜன், அடுத்து கார்பன் டை ஆக்சைடு. வென்டிலேட்டரில் அதிகம் காற்றடித்து கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளைக் குழாய்கள் சுருங்கும். வேகத்தைக் குறைத்தாலே எண் ஏறிவிடும். அதன்பிறகுதான் ஹீமோகுளோபின், இதயத்தின் வேலை, மயக்கத்தின் ஆழம்.

ரத்த ஓட்டத்தை இந்தக் கருவி நேரடியாக அளப்பதில்லை. மூளை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மாறாமல் இருந்தால் மட்டுமே எண்ணை ஓட்டத்தின் சாயலாகக் கொள்ளலாம். உடலைக் குளிர்விக்கும்போது ஓட்டம் குறைந்தும் எண் ஏறும்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு வாங்க நினைப்பவர்கள் 2023இல் வெளிவந்த சேஃப்பூஸ்-சி ஆய்வின் முடிவைப் படித்துவிட்டு முடிவெடுக்கவும். 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளில், இத்தகைய மானிட்டரை வைத்துச் சிகிச்சை தந்தும் இறப்போ கடுமையான மூளைக் காயமோ குறையவில்லை.

செலவு ஏறுவது சென்சாரில். ஒருமுறைக்கான பொருள், மறுபடி ஒட்டினால் பசை விட்டு, தியேட்டர் விளக்கின் ஒளி உள்ளே கசியும். ஆர்டர் செய்யும்போது எடையைச் சொல்லி வாங்குங்கள்: 40 கிலோவுக்கு மேல் அடல்ட், அதற்குக் கீழே பீடியாட்ரிக், கைக்குழந்தைக்குத் தனி. குழந்தைச் சென்சார் அடல்ட் சென்சாரைவிட ஏறக்குறைய 10 புள்ளி கூடுதலாகக் காட்டும். பாதியில் சென்சார் வகையை மாற்றினால் பேஸ்லைனையும் புதிதாகக் குறிக்க வேண்டும்.